பெட்டி மேல ஆயிரம், உள்ள தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு

அறுபத்தொம்பதும்மா! ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, அறுபத்தொம்பது! பெட்டி மேல ஆயிரம்னு அச்சடிச்சு வித்துட்டு, வீட்டுக்குக் கொண்டாந்து மாட்டுனா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டுதுன்னா, மிச்சத்த யாரு தின்னா? நீங்களே சொல்லுங்க. இல்ல இல்ல, வாசல்ல நின்னுக்கிட்டு சொல்ல வேணாம். உள்ள வாங்க. எதிர்வீட்டுக்குக் குடிவந்து இன்னும் மூட்டையே பிரிக்கல, அதுக்குள்ள கையில இன்ச் டேப்போட எங்க வீட்டு மணிய அடிச்சிருக்கீங்க. நல்ல நேரத்துலதான் அடிச்சிருக்கீங்க.

என்னது, பீரோவா? பாத்தேனே. லிஃப்டு பக்கத்துல நிக்குது. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு, மாப்பிள்ளத் தோழன் மாதிரி நிக்கிறாங்க. ரூமுக்குள்ள போக மாட்டேங்குதா? பத்திரத்துல போட்ட அளவு ஒண்ணு, டேப்புல வர்ற அளவு ஒண்ணா? சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கீங்க. இந்தக் கட்டடத்துல முக்காவாசி வீட்ட வித்தது நாந்தான். உங்க வீட்டையும் மொத மொதல்ல நாந்தான் வித்தேன். உங்களுக்கு வித்தாரே, அந்தக் கண்டக்டரு, அவருக்கு. அதனால உங்க அளவ நான் ஒரு நிமிசத்துல தீத்து வச்சிடுறேன். ஆனா மொதல்ல என் அளவு. எனக்கு அவசரம். உங்க பீரோ எங்கயும் ஓடிடாது.

நீங்க கம்ப்யூட்டர் ஆபீஸ்லதான வேல பாக்குறீங்க? வாட்ச்மேன் சொன்னாரு. அவருகிட்ட நான் கேக்கல, அவரா சொன்னாரு. நான் சும்மா, எதிர்வீட்டுக்காரங்க யாரு, என்ன வேல, எப்ப வெளிய போவாங்க, எப்ப வருவாங்கன்னு மட்டும்தான் கேட்டேன்.

உக்காருங்க. அய்யோ, அதுல வேணாம்! அது ஷூட்டிங் நாற்காலி. எதிர்ல பாருங்க, கேமரா நிக்குது. இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு காலு கட்டை, ஆடாம உக்காந்தா ஆடாது.

விசயம் இதுதான். எம்பொண்ணு இந்தக் கம்ப்யூட்டரையும் கேமராவையும் கொண்டாந்து போட்டுட்டுப் போனா. ஏன்னா நான் பேசுறேனாம். சொன்ன கதையவே சொல்றேனாம். "அப்பா, இனிமே இதுகிட்ட சொல்லுங்க, இது பாதியில எந்திரிச்சுப் போகாது"ன்னா. அவ கிண்டலுக்குத்தான் சொன்னா. நான் நெசமாவே எடுத்துக்கிட்டேன். தெனம் காலையில தலை சீவிக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்து ஒரு கதை. எந்தக் கதையும் ரெண்டாவது தடவ சொல்லல. அதாவது, அதே மாதிரி சொல்லல.

இன்னிக்கு சாயங்காலம் அவளே வர்றா. அவளுக்கு வீட்டுலேருந்து ஆபீஸ் வேல பாக்கணுமாம், இந்தக் கம்ப்யூட்டர் திருப்பி வேணுமாம். "உள்ள இருக்குறத நான் வந்து தொடச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். வேணுங்கறத வேற எதுலயாவது மாத்தி வச்சுக்கோங்க. வந்தப்பறம் ‘இரும்மா இரும்மா’ன்னு இழுக்கக் கூடாது"ன்னுட்டா. அவ சொன்னா செய்வா. அவங்கம்மா மாதிரி. ரெண்டு பேரும் சேந்து கடைவீதிக்குப் போயிருக்காங்க, அங்கேருந்து நேரா இங்கதான். அம்மா இங்கயே எறங்கிடுவா, பொண்ணு என் வாழ்க்கையத் தொடச்சு எடுத்துக்கிட்டுப் போயிடுவா.

சரின்னுட்டு, உள்ள மொத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்தேன். தொள்ளாயிரத்து எழுவது ஜிபி. கடைக்குப் போயி ஆயிரம் போட்ட ஹார்டு டிஸ்க்கு ஒண்ணு வாங்குனேன். எம்பொண்டாட்டி சொன்னா, "ரெண்டாயிரம் போட்டது இருக்காம், அத வாங்குங்க"ன்னு. நான் சொன்னேன், "ஏன், தொள்ளாயிரத்து எழுவதுக்கு ஆயிரம் போதாதா? முப்பது மிச்சம் வருதே, அதுல ஒரு குடும்பமே இருக்கலாம்"னு. அவ ஒண்ணும் பேசல. அவ பேசலன்னா அதுக்கு ஒரு அர்த்தம் உண்டு. அர்த்தம் எனக்கு எப்பவும் வீட்டுக்கு வந்தப்பறம்தான் புரியும்.

மாட்டுறேன். தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. கழட்டித் தட்டி மாட்டுறேன். அதே முப்பத்தொண்ணு. கம்ப்யூட்டர அணைச்சு, அது கொஞ்சம் யோசிக்கட்டும்னு விட்டு, மறுபடி போட்டேன். யோசிச்சும் அதே பதில்தான். சரின்னு கொள்ளுற வரைக்கும் ஏத்திட்டேன். இப்ப கணக்குப் பாருங்க, என்னோட நாப்பது ஜிபி வெளிய நிக்குது. உங்க பீரோ மாதிரி. உள்ளயும் போகாம, வெளியயும் போகாம.

கடைக்குத் திரும்பப் போனேன். போகாம இருப்பேனா? கவுன்ட்டர்ல ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி, நல்ல பொறுமை. அந்தப் பொறுமையப் பாத்தப்பவே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. குத்தம் இருக்குறவங்கதான் அவ்வளவு பொறுமையா இருப்பாங்க. எனக்குத் தெரியாதா, நானும் விக்கிற எடத்துல உக்காந்தவன்தான. அந்தம்மா என்ன சொல்றாங்க? "சார், எதுவும் கொறையல. எல்லாம் உள்ளதான் இருக்கு. எண்ணுற விதம்தான் வேற."

எண்ணுற விதம்! ஒண்ணுக்கு அப்பறம் ரெண்டு, அதுல என்ன விதம்?

இல்லயாம். செய்யிறவங்க ஆயிரத்த ஆயிரமாவே எண்ணுவாங்களாம். ஆயிரம் பைட்டு ஒரு கிலோபைட்டு, அதுல ஆயிரம் ஒரு மெகா, அதுல ஆயிரம் ஒரு ஜிபி, அதுல ஆயிரம் ஒரு டெரா. நம்மள மாதிரி. ஆனா இந்தக் கம்ப்யூட்டரு இருக்கே, அதுக்கு ரெண்டு ரெண்டா பெருக்கித்தான் பழக்கமாம். ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு ஏறிக்கிட்டே போயி, ஆயிரத்துக்கிட்ட வரும்போது நிக்காம ஆயிரத்து இருவத்துநாலுல போயி நிக்குமாம். பஸ்ஸு ஸ்டாப்பத் தாண்டி நிக்கிற மாதிரி. அதுக்கு அதுதான் ஆயிரமாம். கிலோவுல இருவத்துநாலு கூட கேக்கும், மெகாவுல மறுபடி கேக்கும், ஜிபியில மறுபடி கேக்கும். ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கொஞ்சமா கேட்டுக் கேட்டு, மேல போயி நிக்கும்போது நம்ம ஆயிரம் அதுக்கு தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணாத் தெரியுமாம்.

தலையாட்டுறீங்க. சரிதானா? நீங்களும் அந்தக் கட்சியா?

நான் கட்டடத் தொழில்ல இருந்தவன்னு சொன்னதும் அந்தம்மா மணலுக்கு வந்துட்டாங்க. "சார், ஒரே குவியல் மணல். சின்னச் சட்டியில அள்ளுனா ஆயிரம் சட்டி. கொஞ்சம் பெரிய சட்டியில அள்ளுனா தொள்ளாயிரத்துச் சொச்சம். மணல் கொறைஞ்சுதா சார்?" நான் சொன்னேன், "மணல் கொறையலம்மா. ஆனா விக்கும்போது மட்டும் எல்லாரும் ஏன் சின்னச் சட்டியத் தூக்கிக்கிட்டு வர்றீங்க?" அதுக்கு அவங்க, "பெட்டி மேலயே போட்டிருக்கு சார்"னு காட்டுனாங்க. போட்டிருக்கும்மா. பின்னாடி, ஒரு மூலையில. எறும்புக்கு எழுதுன லெட்டர் மாதிரி. ஒரு எறும்பு வந்து படிச்சாக்கூட கண்ணாடிய மறந்து வச்சுட்டு வந்துட்டேன்னு திரும்பிப் போயிடும்.

அது போதாதுன்னு இன்னொண்ணு. எது எது எங்க இருக்குன்னு குறிச்சு வச்சுக்குறதுக்கு அந்த டிஸ்க்கே உள்ள கொஞ்சம் எடம் எடுத்துக்குமாம். என் எடத்துல! நான் வாங்குன எடத்துல, அது நடமாடுறதுக்கு ஒரு வழி விட்டுக்குதாம்!

கேட்டு வயிறு எரியுது. நாங்கல்லாம் இப்பிடியாம்மா தொழில் பண்ணோம்? மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்? நான் வீடு வித்த காலத்துல கீழ மாடல் வீடுன்னு ஒண்ணு வச்சிருந்தோம். வாங்க வர்றவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க. அதுல ஒரு கட்டில். தச்சருகிட்ட சொல்லி முக்கா அளவுல நானே செய்யச் சொன்னது. மேச முக்கா, நாற்காலி முக்கா, சொவத்துக் கடிகாரம்கூட முக்கா. கதவு மட்டும் முழுசு, இல்லாட்டி நானே நொழைய முடியாது. உள்ள வந்தவங்க, "அடேயப்பா, எவ்வளவு பெரிய ரூமு"ம்பாங்க. நான் ஒரு வார்த்த பொய் சொல்ல மாட்டேன். சும்மா நிப்பேன். ரூமே பேசும்.

ஒரு தடவ ஒருத்தரு, ஆளு நல்ல ஒசரம், அந்தக் கட்டில்ல படுத்தே பாத்துட்டாரு. முழங்காலுக்குக் கீழ எல்லாம் வெளிய தொங்குது. எந்திரிச்சு என்னப் பாக்குறாரு. நான் அசரல. "சார், இந்த வீட்டுக் காத்து அப்பிடி. வந்து அஞ்சு நிமிசத்துல உங்களுக்கு ஒசரம் கூடிடுச்சு பாருங்க"ன்னேன். வாங்கிட்டாரு. இப்பவும் மூணாவது மாடியிலதான் இருக்காரு. லிஃப்டுல பாத்திருப்பீங்களே, குனிஞ்சு வருவாரு. நான் சொன்னது பலிச்சுதா இல்லயா?

என்ன, டேப்ப நீட்டிக் காட்டுறீங்க? இருங்கம்மா, உங்க அளவுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். தூக்குற ஆளுங்க கூப்புடுறாங்களா? கூப்புடட்டும். பீரோவக் கீழ வச்சுட்டுத்தான கூப்புடுறாங்க. அதுக்குள்ள நீங்க இதக் கொஞ்சம் பாருங்க. எதையாச்சும் அமுக்கிப் பிதுக்கி இந்த நாப்பத உள்ள தள்ள முடியுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்.

ஆங்... அப்பிடித்தான். எல்லாம் அந்த மஞ்சக் கவர் மாதிரி இருக்குல்ல, அதுக்குள்ளதான். ஒவ்வொண்ணுக்கும் நானே பேரு வச்சிருக்கேன். ‘கட்டில்’. ‘கட்டில், இன்னொரு விதமா’. ‘மொட்டமாடியில மாடு’. அது ஏறுன கதைதான் இருக்கு, எறங்குன கதைய இன்னும் சொல்லல. ‘பல் டாக்டரும் நானும்’.

என்ன சொல்றீங்க, தெளிவு அதிகமா வச்சுட்டேனா? கேமராவுல எவ்வளவு தெளிவு இருந்துச்சோ அவ்வளவும் திருகி வச்சேன். மூக்கு மேல இருக்குற மரு தெரிய வேணாமா? கொறைச்சு எடுத்திருந்தா பத்துல ஒரு பங்குலயே முடிஞ்சிருக்குமா? இப்ப கொறைக்க ஆரம்பிச்சா ராத்திரி முழுக்க ஓடுமா? அப்ப வுடுங்க. பொண்ணு வந்துடுவா. வேற வழி?

எது? அதுவா? அது ‘லிஃப்ட்’. மத்ததெல்லாம் நாலு, அஞ்சுன்னு இருக்க, அது மட்டும் நாப்பத்துநாலு இருக்கா? இருக்கும்மா. பெரிய கதை. என் கதையிலயே அதுதான் தலை. சொல்லவா? சுருக்கமா சொல்லிடுறேன்.

இதே கட்டடம், இதே லிஃப்டு. வீடு வாங்க வந்த ஒரு ரயில்வே ஆபீசரோட மேல போறேன். அஞ்சாவது மாடி தாண்டும்போது டப்புன்னு ஒரு சத்தம். கம்பி அந்துபோச்சு. லிஃப்டு கீழ எறங்குது, எறங்குதுன்னா, விழுதும்மா! ஆபீசரு கண்ண மூடிட்டாரு. நான் என்ன பண்ணேன், கையில இருந்த குடைய எடுத்து கதவு இடுக்குல ஒரே குத்து! குடை வளையுது, நான் வளையுறேன், லிஃப்டு கிரீச்சுன்னு கத்திக்கிட்டு ரெண்டாவது மாடியில நிக்குது. ஆபீசரு கண்ணத் தொறந்தாரு. "இந்த வீட்டையே வாங்கிக்குறேன்"னாரு. லிஃப்டுக்குள்ளயே கையெழுத்து.

சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க. எம்பொண்டாட்டியும் அப்பிடித்தான். நாலு பேரு இருக்குற எடத்துல நான் குடைய எடுத்தாப் போதும், "கரண்டு போச்சு, கொஞ்ச நேரத்துல வந்துச்சு, அதான் கதை"ன்னு முடிச்சுடுவா. சம்பந்தி வீட்டுல வச்சு சொன்னாம்மா! கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டுதான். நான் ஒரு கதைய நாலு மாடி கட்டி ஏத்துனா, அவ ஒத்த வார்த்தையில இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிடுவா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, "ஆமாங்க, அப்பிடித்தான் நடந்துச்சு"ன்னு சொல்லியிருப்பாளா? மாட்டா.

போட்டுப் பாக்குறீங்களா? பாருங்க. அந்தா, நாந்தான். தலை நல்லா சீவியிருக்கேன்ல? குடை வருது... குத்துறேன்... கையெழுத்து... எந்திரிக்கிறேன். முடிஞ்சுது.

முடியலயா? இன்னும் ஓடுதா? என்னம்மா இது, வெறும் நாற்காலி. படத்துக்கு அடியில ஓடுதே, அந்தக் கோட்ட இழுங்க. நாற்காலி. இன்னும் இழுங்க. நாற்காலி. திரைச்சீல ஆடுது. வெயிலு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிடுச்சு. அடக் கடவுளே! எந்திரிச்சுப் போனவன் கேமராவ அணைக்கவே இல்லயா? அது பாட்டுக்கு நாள் முழுக்க நாற்காலியப் படம் புடிச்சிருக்கா?

அப்ப இந்த நாப்பத்துநாலுல நான் இருக்குறது நாலுதான். மிச்ச நாப்பதும் நாற்காலி.

என்னம்மா அப்பிடிப் பாக்குறீங்க? புரியுது, புரியுது. கடைக்காரம்மாவத் திட்டுனேன், என் கதையிலயும் நடமாட வழி விட்டிருக்கேன். சரி, ஒத்துக்குறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க. வெட்டிடுங்க. இந்த நாப்பது போனா எல்லாம் உள்ள உக்காந்துடும்ல? முழங்கால் இடிக்கும், ஆனா உக்காந்துடும்ல? அப்ப வெட்டுங்க. எந்த எடத்துல அமுக்கணும்? இங்கயா? அமுக்குங்க...

இருங்க.

கைய எடுங்க. எடுங்கம்மா! ஏதோ சத்தம் கேக்குதே. ஏத்துங்க. இன்னும் ஏத்துங்க.

...அவதான். எம்பொண்டாட்டி. சமையக்கட்டுலேருந்து போன்ல பேசுறா. அவ அக்காகிட்ட. வேற யாருகிட்ட, எடுத்தா வைக்க மாட்டாங்க ரெண்டு பேரும். என்ன சொல்றா? லிஃப்டுன்னாளா?

கேட்டீங்களா? கேட்டீங்களாம்மா? "குடையா? குடைய எங்கக்கா கண்டாரு. வெறுங்கையால புடிச்சாருக்கா. வெறுங்கையால!"

நான்... நான் வெறுங்கைன்னு சொன்னதே இல்லம்மா. குடைதான் சொல்லியிருக்கேன். குடை சொல்றதுக்கே எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும். இவ வெறுங்கைங்கறா. அந்தா, "ஒரு கையில லிஃப்டு, இன்னொரு கையில அந்த ஆபீசருக்குப் பேனா"ங்கறா! பேனா! அது எனக்குத் தோணவே இல்லயே.

இழுங்க, கொஞ்சம் தள்ளி இழுங்க. இன்னும் அவதானா? இது கட்டில் கதை. ரெண்டு பேரு படுத்துப் பாத்தாங்களாம். ஒருத்தருதாம்மா படுத்தாரு. இன்னும் தள்ளி? மாடு! மாட்ட எறக்கிட்டா! எப்பிடி எறக்குனேன்னு எனக்கே தெரியாம ரெண்டு வருசமா முழிச்சுக்கிட்டிருக்கேன், அவ அக்காகிட்ட பேச்சோட பேச்சா எறக்கிட்டுப் போறா. அந்தக் கடைசி வரைக்கும் அவ கொரல்தானா? நாப்பதும் அவதானா?

வெட்டாதீங்க.

வெட்டாதீங்கம்மா. நான் இருக்குறத வேணா வெட்டுங்க. அந்த நாற்காலிய ஒண்ணும் பண்ணாதீங்க. எனக்கு இத்தன நாளா கெடைக்காத ஒரே சாட்சி அதுக்குள்ளதான் இருக்கு. அவகிட்டயும் சொல்லிடாதீங்க. நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவா. பொண்ணுகிட்ட சொல்லி எடம் கேக்கலாம்னா, என்ன ஏதுன்னு அம்மா முன்னாடியே போட்டுப் பாப்பா. அதனால அவங்க வர்றதுக்குள்ள இது வேற எங்கயாவது போயிடணும். எங்க போகும்? எதத் தூக்குறது? பல் டாக்டரத் தூக்கலாமா? அவரத் தூக்குனா அஞ்சுதான் வரும். இன்னும் ஏழு கதையத் தூக்கணும். தெளிவு வேற அதிகமா வச்சுத் தொலைச்சேன். ரெண்டாயிரம் வாங்குங்கன்னு சொன்னா. சொன்னாள்ல? நான்தான் முப்பதுல ஒரு குடும்பம் இருக்கலாம்னேன்.

என்னம்மா, எந்திரிச்சுட்டீங்க? டேப்பு... ஆமா, சரிதான். உங்க விசயம். நான் ஒரு பேச்சு சொன்னா சொன்னதுதான். கேளுங்க, கேட்டுடுங்க.

பத்திரத்துல ஆயிரத்து நூறு சதுரடி. நீங்க மூலை மூலையா அளந்தா எண்ணூறு கூட வரல. கட்டிலப் போட்டா பீரோவுக்கு எடமில்ல, பீரோவ வச்சா நீங்க நின்னுக்கிட்டுத்தான் தூங்கணும். மிச்ச முந்நூறு எங்க போச்சுன்னு கேக்குறீங்க. அவ்வளவுதான?

அம்மா, எதுவும் கொறையல. எல்லாம் இருக்கு. எண்ணுற விதம்தான் வேற.

நீங்க சொவத்துக்கு உள்ள அளக்குறீங்க. நாங்க சொவத்தையும் சேத்து அளப்போம். சொவரு உங்களோடதுதான? அப்பறம் மாடிப்படி. நீங்க ஏறுறீங்களா இல்லயா? அதுல உங்க பங்கு. லிஃப்டு போற குழி, அதுல உங்க பங்கு. கீழ வாட்ச்மேன் உக்காந்திருக்காரே, அவரு உக்காந்திருக்குறதே உங்க பங்குலதான். அதோ, லிஃப்டுக்கும் நம்ம ரெண்டு வாசலுக்கும் நடுவுல இருக்குற எடம், அதுவும் உங்க கணக்குல சேத்துதான் வித்தது. எல்லாத்தையும் கூட்டுங்க, ஆயிரத்து நூறு டாண்ணு வரும். பத்திரத்துலயும் போட்டிருக்கு. பின்னாடி பக்கத்துல. கொஞ்சம் சின்ன எழுத்துதான்.

ஏம்மா அப்பிடிப் பாக்குறீங்க? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? பாத்து... ஸ்டூலு ஆடும்.

போறீங்களா? ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுறீங்களா? சரி சரி, கதவச் சாத்திட்டுப் போங்க. நான் இங்கேருந்தே பேசுறேன், உங்களுக்குக் கேக்கும். இந்தக் கட்டடத்துல சொவரு அவ்வளவு தடிமன் இல்ல, அதுவும் நாந்தான் வித்தேன்.

நான் என்ன நெனைக்கிறேன்னா, மாட்டுக் கதைய எடுத்துடலாம். அவதான் நல்லா எறக்கியிருக்காளே. ஆனா ஏத்துனது நான்தான? ஏத்தாம எப்பிடி எறக்குறது? ‘கட்டில், இன்னொரு விதமா’ போகட்டும். போகட்டுமா? அதுல தச்சரு அழுவாரு. அந்த எடம் நல்லா வந்திருக்கு... என்ன சத்தம் அது? எதையோ இழுக்குறாங்க போலருக்கு. மெதுவா இழுக்கச் சொல்லுங்கம்மா, தரை உங்களோடதும்தான்! ஆங், அப்பிடியே உங்க வீட்டுப் பக்கம் சாய்ச்சு... டங்குன்னுதே? கிட்டக்க கேக்குதே? இருங்க வரேன்.

என்னம்மா இது!

கதவத் தொறந்தா இரும்பு! எங்க வாசல அடைச்சு நிக்குது. இடுக்குல என் கையி போகுது, நான் போக மாட்டேன். அம்மா! எதிர்வீட்டம்மா! அந்தப் பக்கம் இருக்கீங்களா?

என்னது, உங்க பங்கா?

அளந்து வச்சீங்களா? டேப்பப் போட்டு? லிஃப்டு நடுவுலேருந்து எங்க வாசப்படி வரைக்குமா... உங்க மிச்சத்துல இது வெறும் ஒரு மூலைதானா? அம்மா, கணக்குன்னா அது பேப்பருல. யாராவது கொண்டாந்து பீரோவ வைப்பாங்களா? நானும் இத்தன வருசமா எத்தன பேருக்கு வித்திருக்கேன், ஒருத்தரும் வந்து அவங்க எடத்த எடுத்துக்கிட்டதில்லயே! எல்லாரும் வந்து எடுத்துக்கிட்டா லிஃப்டு எங்க நிக்கும்?

நவுத்தச் சொல்லுங்க. ஆளுங்கள... போயிட்டாங்களா? சாப்பிடவா?

அய்யய்யோ, லிஃப்டு சத்தம் வருது. அது நின்னா அவங்கதான். எம்பொண்ணு வந்தா நேரா உள்ள வந்து தொடச்சு...

வந்தா...

எப்பிடி வருவா?

அம்மா. எதிர்வீட்டம்மா. ஒரு நிமிசம் இந்த இடுக்குக்கிட்ட வாங்க. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்குறேன். அது உங்க எடம்தான். நல்லா நிறுத்தியிருக்கீங்க. ஆளுங்கள மெதுவா சாப்பிடச் சொல்லுங்க, சாப்புட்டுட்டு ஒரு தூக்கமும் போடச் சொல்லுங்க. நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கம்ப்யூட்டர் ஆபீசுல இருக்குறவங்க வீட்டுல ஏதாவது ஒண்ணு சும்மா கெடக்குமே, பென் டிரைவு, இந்தக் கட்டைவெரல் அளவுக்கு. நாப்பத்துநாலு எடம் வேணும் எனக்கு. உங்க பீரோவுக்கு எடம் என் வாசல்ல, என் பொண்டாட்டிக்கு எடம் உங்க பென் டிரைவுல. இதுக்கு மேல என்னம்மா நியாயம் வேணும்?

இருக்கா? சீக்கிரம். சீக்கிரம். மேல் இடுக்குல நீட்டுங்க... எட்டுது, எட்டுது. அறுபத்துநாலு போட்டிருக்கா? அப்ப உள்ள அம்பத்தொம்பதுதான் இருக்கும். பரவால்ல. எனக்கு எண்ணுற விதம் தெரியும்.

மாட்டிட்டேன். அந்த நாற்காலிய இழுத்து இதுல போடணும், அவ்வளவுதான? போட்டுட்டேன். பச்சைக் கோடு ஓடுது. ஓடு ராசா, ஓடு.

யாரு? பொண்ணா? ஆமாம்மா, அப்பா உள்ளதான் இருக்கேன். அது எதிர்வீட்டம்மாவோட பீரோ. இல்லம்மா, நவுத்த முடியாது, அது அவங்க எடம். பத்திரத்துல இருக்கு. அவங்களயே கேளு, பக்கத்துலதான் நிக்கிறாங்க. நிக்கலயா? உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாங்களா? நல்ல பொம்பளம்மா அவங்க.

யாரு கத்துறது? நீயா? நீயும் வந்துட்டியா? நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேனா? என்ன பண்ணுவேன், பீரோவத்தான் தள்ளிக்கிட்டிருக்கேன். ஆமா, ஒத்த ஆளாத்தான். குடை எதுவும் இல்ல. வெறுங்கையால! வெறுங்கையாலதான் தள்ளிக்கிட்டிருக்கேன்! வேணும்னா உங்கக்காகிட்ட சொல்லிக்கோ!

...என்ன, அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம்?